கித்தோ மரபில் ஒரு மரச்சுரூபம் செய்யும் முறை

ஈக்குவடோரின் தலைநகரான கித்தோவில், ஸ்பானிய ஆட்சியின் கீழ் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை செய்யப்பட்ட கத்தோலிக்கச் சுரூபங்களில் உளிவேலை பாதிதான். மற்றப் பாதி பூச்சுவேலை. மரத்தைச் செதுக்கி முடித்த பிறகு வச்சிரம் என்னும் தோல்பசை, வெண்சாந்து, செங்காவி, தங்கரேக்கு, முட்டைக்கருச் சாயம், எண்ணெய்ச் சாயம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படலங்களே அந்தச் சுரூபங்களுக்குப் பட்டாடையையும் உயிருள்ள தோலையும் தருகின்றன. அம்முறையைப் பின்பற்றி, இன்று கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மாதா சுரூபத்தைச் செய்வது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன். ஓரளவு மரவேலை பழகியவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். உளியைத் தீட்டவும் பிடிக்கவும் தெரியாதவர் அதை முதலில் ஒரு தச்சரிடம் கற்றுக்கொண்டு வருவது நல்லது.

இந்த மரபு கித்தோவில் வேரூன்றிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த ஹொதோக்கோ ரிக்கே போன்ற பிளாண்டர்ஸ் நாட்டுத் துறவிகள் அங்கே மடம் நிறுவி, 1550களில் சான் அந்திரேஸ் கல்லூரியின் வழியாக உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்கு எழுத்தோடும் இசையோடும் கைத்தொழில்களையும் கற்பித்தார்கள். நூற்றாண்டின் இறுதியில் தொலேதோவிலிருந்து வந்த சிற்பி தியேகோ தே ரோப்லேஸ், கித்தோவை அடுத்த குவாப்புலோ கோவிலின் மாதாவைச் செதுக்கினார். அதற்கு வண்ணம் தீட்டியவர் லூயிஸ் தே ரிபேரா என்ற வேறொருவர். இந்த வேலைப் பிரிவினை ஸ்பெயினிலிருந்து வந்தது. அங்கே சிற்பியும் ஓவியரும் தனித்தனித் தொழிற்சங்கத்தினர். ஒருவர் வேலையை மற்றவர் தொட்டால் வழக்கு எழும். செவில் நகரில் ஹுவான் மார்த்தினேஸ் மொந்தாஞேஸ் செதுக்கிய சுரூபங்களுக்குத் தோல்வண்ணம் தீட்டிவந்த ஓவியர் பிரான்சிஸ்கோ பச்சேக்கோ, சிற்பி இரண்டு வேலைகளையும் தானே ஒப்பந்தம் எடுத்துக்கொண்டதற்காக 1622இல் அவரை எதிர்த்தே எழுதினார். கித்தோவில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பெயரான பெர்னார்தோ தே லெகார்தா செதுக்கினார், வண்ணம் தீட்டினார், பீடங்களுக்குப் பொன் பதித்தார், வெள்ளிவேலையும் செய்தார். நீங்களும் இரு வேலைகளையும் ஒரே கையால் செய்யப்போவதால், செதுக்கும்போதே பூச்சைப் பற்றி எண்ணும் லெகார்தாவின் பழக்கம் உங்களுக்கும் வேண்டும்.

மரமும் கட்டையும்

கித்தோப் பட்டறைகள் பெரிதும் நம்பியது அமெரிக்கச் சீடர் மரத்தை. பெயர் சீடர் என்றாலும் அது தேவதாரு இனத்தைச் சேர்ந்ததன்று; வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. மென்மையானது, நேரான இழையுடையது, பூச்சி எளிதில் அண்டாதது, உலர்ந்த பின் அதிகம் முறுக்கிக்கொள்ளாதது. நம் பக்கத்தில் அதற்கு மிக நெருங்கிய உறவு சந்தன வேம்பு. தாவரவியலாளர்கள் ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். தேக்கைப் பலர் பரிந்துரைப்பார்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் வச்சிரம் அதில் உறுதியாகப் பிடிக்காது. இந்த வேலைக்கு அதைத் தவிர்க்கலாம்.

மரத்தின் வெளிப்பகுதியான வெளிறை நீக்கி, உள்ளேயுள்ள வைரப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தின் நடுச்சோறு கட்டைக்குள் இருக்கவே கூடாது. மரம் உலரும்போது வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவும் குறுக்கே சுருங்கும் அளவும் வேறுபடுவதால், நடுச்சோறு உள்ள கட்டை என்றாவது ஒருநாள் அதிலிருந்து வெளிநோக்கிப் பிளக்கும். பெரிய சுரூபங்களில் பழைய கைவினைஞர்கள் முதுகைக் குடைந்து உள்ளே வெற்றிடமாக்கியதும் இதற்காகத்தான். எடை குறைந்தது கூடுதல் பயன், ஏனெனில் பவனியில் அதைத் தோளில் சுமக்க வேண்டியிருந்தது. நீங்கள் செய்யும் அளவுக்குக் குடைய வேண்டியதில்லை. ஓர் அங்குலப் பருமனுக்கு ஓராண்டு என்ற கணக்கில் நிழலில் உலர்ந்த பலகைகள் இரண்டு மூன்றை, இழை எல்லாம் செங்குத்தாக ஓடும்படி ஒட்டிக் கட்டையாக்கிக்கொண்டால் போதும். முன்னால் நீண்டு வரும் கைகளைத் தனித் துண்டுகளாகச் செதுக்கி மரமுளை வைத்து இணைக்க வேண்டும். ஒரே கட்டையில் செதுக்கினால் இழை குறுக்கே ஓடி, விரல்கள் தொட்டவுடன் ஒடியும்.

உருவத்துக்கு மாதிரி வேண்டும். கித்தோக்காரர்கள் ஆண்ட்வெர்ப்பிலிருந்தும் ஆக்ஸ்பர்கிலிருந்தும் கப்பலில் வந்த அச்சுப்படங்களைப் பார்த்தே பெரும்பாலும் வேலை செய்தார்கள். தட்டையான படத்திலிருந்து முதுகையும் பக்கவாட்டையும் கற்பனையால் நிரப்பினார்கள். லெகார்தா 1734இல் கித்தோவின் சான் பிரான்சிஸ்கோ கோவிலுக்காகச் செய்த இறக்கை விரித்த மாதாவை, நான்கு பக்கமும் எடுத்த படங்கள் கிடைத்தால், கூர்ந்து பாருங்கள். விவிலியத்தின் திருவெளிப்பாட்டில் வரும் பெண்ணாக, பிறைநிலவின் மேல் நின்று, காலடியில் நாகத்தை மிதித்து, இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் திரும்ப, நடனமாடுபவள் போலவே நிற்கிறாள். அந்தத் திருப்பத்தால் ஆடை மடிப்புகள் உடலைச் சுற்றிச் சாய்வாக ஓடுகின்றன. ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் பொன் ஒளியைப் பிடிக்கிறது. நேராக நிற்கும் உருவத்தில் அதே பொன் தகடுபோல் கிடக்கும். முன்பக்கமும் பக்கவாட்டும் இரண்டு கோட்டுப்படங்கள் வரைந்து, தலையின் நீளத்தைப் போல் ஏழரை மடங்கு உயரம் வைத்து, கட்டையின் இரு முகங்களிலும் படியெடுத்து, வாளால் சுற்றுப்புறத்தை அறுத்துவிட்டு, நகவுளியும் கொட்டாப்புளியும் கொண்டு தொடங்குங்கள்.

செதுக்குவதில் ஒரு விதியை மறக்கக் கூடாது. மேலே வரப்போகும் வெண்சாந்து ஒரு மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்வரை கனம் ஏறும். ஆகவே இமை, நாசித்துவாரம், உதட்டுக்கோடு, விரல்களின் இடைவெளி, மடிப்பின் பள்ளம் ஆகிய எல்லாவற்றையும் தேவைக்கு மேல் கூர்மையாகவும் ஆழமாகவும் வெட்ட வேண்டும். மூக்கும் விரல்களும் சற்று மெலிந்தே இருக்க வேண்டும். மரத்தில் அழகாகத் தெரியும் முகம் சாந்து ஏறியபின் வீங்கிய முகமாகிவிடும். மேலாடையின் பறக்கும் ஓரத்தை மரத்தில் மெலிதாக்க முடியாவிட்டால், லினன் துணியை வச்சிரத்தில் நனைத்து, மடிப்பு வைத்துக் காயவிட்டு ஒட்டிக்கொள்ளலாம். அக்காலத்துப் பட்டறைகளும் இதைச் செய்தன.

கண்களைப் பற்றி ஒரு சொல். கித்தோச் சுரூபங்களின் பார்வைக்குக் காரணம் கண்ணாடிக் கண்கள். செதுக்கிய முகத்தைக் காதுக்கு முன்னால் முகமூடிபோல் தனியே அறுத்தெடுத்து, பின்புறத்திலிருந்து கண்குழியைக் குடைந்து, உட்புறத்தில் கருவிழி தீட்டிய அரைக்கோளக் கண்ணாடியை மெழுகால் பொருத்தி, முகத்தை மீண்டும் ஒட்டுவார்கள். ஒட்டிய கோடு சாந்துக்குள் மறைந்துவிடும். 18ஆம் நூற்றாண்டில் தேவை பெருகியபோது, ஒரே அச்சில் ஈயத்தால் வார்த்த முகங்களை மர உடலில் பதிக்கும் வழக்கமும் வந்தது. ஆகவேதான் கித்தோவின் பல மாதாக்கள் உடன்பிறந்தவர்களைப் போல் இருக்கிறார்கள். காஸ்பிகாரா என்று அறியப்பட்ட பழங்குடிச் சிற்பி மனுவேல் சில்லி செதுக்கிய முகங்களோடு இவற்றை ஒப்பிட்டால், வார்ப்பு முகங்கள் எத்தனை சலிப்பானவை என்பது விளங்கும். 40 சென்டிமீட்டர் உருவத்தில் தலை ஐந்து சென்டிமீட்டர்தான். முகத்தை அறுப்பது முதல் முயற்சியில் வேண்டாம், கண்ணைத் தூரிகையால் தீட்டிக்கொள்ளுங்கள்.

வச்சிரமும் வெண்சாந்தும்

இனி வரும் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: அடியில் உள்ள படலத்தில் பசை வலுவாகவும், மேலே செல்லச் செல்ல மெலிந்தும் இருக்க வேண்டும். மேற்படலம் வலுவானதாக இருந்தால், அது காயும்போது சுருங்கிக் கீழ்ப்படலத்தைப் பிடுங்கி எடுத்துவிடும். பழைய சுரூபங்களில் வண்ணம் சில்லுகளாக உதிரும்போது, இச்சட்டம் மீறப்பட்டிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தை எடைக்கணக்கில் ஒன்றுக்குப் பத்து நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். கொதிக்கவிட்டால் பசையின் பலம் போய்விடும். கை பொறுக்காத சூடு போதும். பூண்டை நசுக்கிப் போட்டுக் காய்ச்சி வடிகட்டிய வச்சிரமே ஸ்பானியப் பட்டறைகளின் முதல் பூச்சு. இதை மரம் முழுதும் சூடாகப் பூசுங்கள். கணுக்கள் இருந்தால் பிசினைச் சுரண்டியெடுத்துப் பூண்டால் தேய்த்து, ஒட்டுப்போட்ட இடங்களிலும் கணுக்களிலும் மெல்லிய லினன் துணிக்கீற்றுகளை வச்சிரத்தில் நனைத்து ஒட்டிவிடுங்கள். மரம் சற்றே அசைந்தாலும் சாந்தில் கோடு விழாமல் அது தடுக்கும்.

சாந்து இருவகை. முதலில் பருஞ்சாந்து: சுட்ட ஜிப்சத் தூளை வச்சிர நீரில் குழைத்து நான்கைந்து முறை பூசுவது. பிறகு மென்சாந்து: அதே ஜிப்சத்தை நிறைய நீரில் கொட்டி, இறுகவிடாமல் நாள்தோறும் கிளறி, நீரை மாற்றி, ஒரு மாத அளவில் அதன் இறுகும் தன்மையைக் கொன்றபின் கிடைக்கும் வெண்ணெய் போன்ற களிம்பை மெலிந்த வச்சிரத்தில் கரைத்து ஆறேழு முறை பூசுவது. கடையில் வாங்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நேரே வச்சிரத்தில் கலந்தால் பாத்திரத்திலேயே கல்லாகும். பொறுமையில்லாதவர்கள் இரண்டு சாந்துக்கும் நயமான சாக் பவுடரைப் பயன்படுத்தலாம். விளைவில் பெரிய குறை இருக்காது. ஆனால் கடைகளில் ஜெஸ்ஸோ என்று விற்கும் அக்ரிலிக் பூச்சு வேண்டாம். அது நெகிழியாக உலர்வதால் அதன்மேல் பொன்னை மெருகேற்ற இயலாது.

சாந்துத் தூளை வச்சிர நீரில் மூழ்கும்வரை மெதுவாகத் தூவி, கலக்கும்போது நுரை எழாமல் பார்த்துக்கொண்டு, வெதுவெதுப்பாகப் பூசுங்கள். ஒவ்வொரு பூச்சையும் முந்தியதற்குக் குறுக்கே இழுக்க வேண்டும். முந்தியதன் ஈரப்பளபளப்பு மறைந்ததும் அடுத்ததைப் போட வேண்டும். காற்றுக்குமிழ் விட்ட ஊசித்துளைகளை அவ்வப்போதே விரலால் தேய்த்து அடையுங்கள், ஏனெனில் பின்னால் ஒவ்வொரு துளையும் பொன்னில் கரும்புள்ளியாகத் தெரியும். கித்தோ 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுதும் குளிர்ச்சி. நம் கடலோர ஊர்களில் வச்சிரம் ஒரே நாளில் நாறிவிடும், சாந்திலும் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வேண்டிய அளவு மட்டும் அன்றன்று காய்ச்சி, இந்தக் கட்டத்தைத் தை, மாசி மாதங்களில் வைத்துக்கொள்வது உத்தமம். முற்றிலும் உலர்ந்தபின் உப்புத்தாளால் தேயுங்கள். அக்காலத்தில் சுறாத்தோல் அந்த வேலையைச் செய்தது. மழுங்கிப்போன இமைக்கோட்டையும் மடிப்பின் முகட்டையும் சிறு கொக்கி உளியால் சாந்திலேயே மீண்டும் கீறித் தெளிவாக்குங்கள். முகத்தின் இறுதி வடிவம் முடிவாவது இந்த இடத்தில்தான். இதற்கு மரத்தைச் செதுக்கிய அளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

பொன்னும் அதன்மேல் சாயமும்

ஆடைப் பகுதிகளுக்கு மட்டும், ஆர்மீனியச் செங்காவி எனப்படும் நயமான களிமண்ணை மிகமெலிந்த வச்சிரத்தில் கரைத்து, பால்போல் ஓடும் பதத்தில் நான்கு அல்லது ஐந்து முறை பூசி, உலர்ந்தபின் முரட்டுத்துணியால் தேய்த்து மினுக்க வேண்டும். முகத்தையும் கைகளையும் வெண்சாந்தாகவே விட்டுவிடுங்கள்.

தங்கரேக்கு மூச்சுக்காற்றுக்கே பறக்கும் மெல்லிய வகையாக இருக்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்துக்கென்று விற்பது தடித்தது. அதை ஒட்டலாமே தவிர மெருகேற்ற இயலாது. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, தட்டையான மயிர்த்தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவிச் சற்றே எண்ணெய்ப்பசை ஏற்றி, அதனால் ரேக்கை எடுங்கள். காவியின்மேல் சிறிது சாராயமும் இரண்டு சொட்டு வச்சிரமும் கலந்த நீரைத் தோயவிட்டு, அந்த நீர் இறங்குவதற்குள் ரேக்கை அதன்மேல் தொட்டுக் காட்டினால், ரேக்கு தானே தாவி ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரம் கழித்து அகேட் கல் பொருத்திய மெருகுகோலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி கேட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. கணீரென்று கேட்டால் மெருகேற்றலாம். பருவத்துக்கு முன்பே தேய்த்தால் காவியோடு பொன் உரிந்துவரும். மறுநாள்வரை விட்டுவிட்டால் மெருகு ஏறாது.

மெருகேறிய பொன்னைப் பார்த்ததும் இத்தோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஸ்பானியர்கள் எஸ்தொஃபாதோ என்றழைத்த வேலை இனிமேல்தான் தொடங்குகிறது: பொன் முழுவதையும் சாயத்தால் மூடிவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் கீறி வெளிக்கொணர்வது. முட்டையின் மஞ்சள்கருவை அதன் மென்தோல் நீக்கிச் சம அளவு நீரில் அடித்து, நயமாக அரைத்த நிறத்தூளைக் குழைத்து, மாதாவின் மேலாடைக்கு நீலமும் உள்ளங்கிக்கு வெள்ளையோ சிவப்போ ஒரே சீராகப் பூசுங்கள். தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும், கூராக்கிய மூங்கில் குச்சியால் கொடியும் பூவும் பட்டாடைச் சரிகையும் கீறுங்கள். சாயம் விலக, அடியிலுள்ள பொன் மின்னும். இரும்பு ஊசியைப் பயன்படுத்தினால் பொன்னையும் கிழித்துவிடும். நாள் தள்ளிப்போனால் சாயம் இறுகிச் சில்லுசில்லாகப் பெயரும் என்பதால், ஒரே மூச்சில் கீறி முடிக்கக்கூடிய பரப்பை மட்டும் அன்றன்று பூச வேண்டும். பிறகு வட்டமுனை அச்சுகளால் பொன்வெளியில் புள்ளிகள் அழுத்தினால் ஒளி சிதறிப் பரவும். கோலம் மடிப்பின் வளைவோடு வளைந்து ஓட வேண்டும். மடிப்பைக் கவனியாமல் நேராக வரைந்த பூக்கள் துணியில் நெய்தவையாகத் தோன்றாமல் மேலே ஒட்டியவையாகத் தோன்றும்.

கித்தோவுக்கே உரியதாகக் கருதப்படும் இன்னொரு முறையும் உண்டு. பொன்னுக்குப் பதிலாக வெள்ளிரேக்கைப் பதித்து மெருகேற்றி, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு, பச்சை, நீல வார்னிஷ்களைப் பூசுவது. அடியிலுள்ள வெள்ளி ஒளியைத் திருப்பியனுப்ப, ஆடை மணிக்கல் போல் ஒளிரும். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் கொண்டுவந்த கீழைநாட்டுப் பட்டையும் அரக்குப் பொருள்களையும் நினைவூட்டியதால் இதற்குச் சினெஸ்கோ (சீனப் பாணி) என்று பெயர் வழங்கியது. செலவு குறைவு என்பதால் முதல் சுரூபத்துக்கு இதையே பரிந்துரைப்பேன். வெள்ளி கறுக்கும் இயல்புடையது; மெருகேற்றிய அன்றே வெளிர்அரக்கு வார்னிஷால் மூடிவிட வேண்டும்.

தோல்

முகத்துக்கும் கைகளுக்கும் தீட்டும் எண்ணெய்ச் சாயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வதால் பொன்வேலையின் அழுக்கு அதில் படாது. வெண்சாந்து எண்ணெயைக் குடித்துவிடாதபடி முதலில் வச்சிர நீரால் ஒருமுறை அடைத்துவிடுங்கள். அக்காலத்தில் ஈயவெள்ளையும் சாதிலிங்கமும் கலந்தார்கள். முன்னது ஈயம், பின்னது பாதரசம், இரண்டும் நஞ்சு. டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, செங்காவி, ஒரு துளி கருநீலம் ஆகியவை ஆளிவிதை எண்ணெயில் அரைத்த சாயங்களாகவே கடையில் கிடைக்கின்றன, அவை போதும். ஒரே நிறமாகப் பூசிவிட்டு, அது ஈரமாக இருக்கும்போதே கன்னம், மூக்குநுனி, விரல்மூட்டு, காதுமடல் ஆகியவற்றில் சிவப்பையும், கண்குழியிலும் நெற்றிப்பொட்டிலும் மிக மெல்லிய நீலச்சாயலையும் பதித்து, எல்லையே தெரியாமல் கலக்குங்கள்.

இதன் பின் வருவதுதான் கித்தோவின் புகழ்பெற்ற மினுமினுப்பு. ஆட்டின் சிறுநீர்ப்பையைக் கழுவி, தூரிகைக் காம்பின் நுனியிலோ விரலிலோ மாட்டி, நீரில் நனைத்து, சாயம் பாதி இறுகி ஒட்டும் பதத்துக்கு வந்ததும் சிறுசிறு வட்டங்களாகத் தேய்ப்பார்கள். நீர் எண்ணெயோடு ஒட்டாததால் சாயம் பெயராமல், தூரிகைத் தடங்கள் மட்டும் அழிந்து, பீங்கான் போன்ற வழுவழுப்பு வரும். கசாப்புக் கடையில் சொல்லிவைத்தால் இது கிடைக்கும். பச்சேக்கோ இந்தப் பளபளப்பை வெறுத்தார். மங்கலான தோலே இயற்கையானது என்பது அவர் கட்சி. வியாகுல மாதாவுக்கும் சிலுவையில் பாடுபட்ட இயேசுவின் சுரூபத்துக்கும் அவர் சொல்வதே சரியென்று நினைக்கிறேன், ஏனெனில் பளபளக்கும் முகத்தில் துயரத்தின் நிழல் தங்குவதில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இருண்ட பீடத்தின் உயரத்தில் வைக்கப்படும் மகிழ்ச்சியான சிறு மாதாவுக்குக் கித்தோக்காரர்கள் செய்ததே பொருந்தும். தோல் நன்கு உலர்ந்தபின் புருவத்தையும் இமைமயிரையும் ஒற்றை மயிர்த்தூரிகையால் இழை இழையாகத் தீட்டி, கண்ணின் ஒளிப்பொட்டில் மட்டும் ஒரு துளி வார்னிஷ் வையுங்கள்.

முடியும் பிறையும் இறக்கையும் வேண்டுமானால் வெள்ளித்தகட்டில் தட்டானிடம் செய்து வாங்கலாம். அவற்றைப் பொருத்தும் துளைகளைச் சாந்து பூசுவதற்கு முன்பே மரத்தில் போட்டுவைக்க வேண்டும், முடித்த வேலையில் துளைத்தால் சாந்து விண்டுபோகும். எண்ணெய்ச் சாயம் ஆழம்வரை உலர ஆறு மாதமாவது ஆகும் என்பதால், அதற்குள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டாம். அதன்பின் தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். திருவிழாவுக்கு முன் ஈரத்துணியால் துடைப்பதும், மங்கியதென்று எனாமல் பெயின்ட் அடிப்பதும் இத்தகைய சுரூபங்களை அழிக்கின்றன: பொன்னுக்கு அடியிலுள்ள காவியும் வச்சிரமும் நீரில் கரைபவை, எனாமலோ அடிப்படலங்கள் எல்லாவற்றையும்விட வலுவாக இறுகி, சில ஆண்டுகளில் அவற்றைச் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்.